படிப்பு என்ற கட்டத்தில் அகராதி அக்கா எழுதியது

லண்டன் மாநகரத்தில் ஒரு மிளகாய்ச் செடிகூட வளர்க்கத் தெரியாமல் அமெரிக்கா முழுவதையும் உழுது வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் ஆபீஸ் அகராதி அக்கா. அவர் மேசையில் ஒரு கள்ளிச்செடி இருந்தது. அது காய்ந்து செத்தது. கள்ளியே செத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். என்னக்கா இப்படி ஆகிவிட்டதே என்று கேட்டதற்கு, "நான் கொள்கை பாக்கிறனான் தம்பி, பயிர் பாக்கிறேல்லை" என்று சொல்லிவிட்டு, காலித் தொட்டியில் பேனாக்களைச் செருகி வைத்துக்கொண்டார்.

எங்கள் ஆபீஸ் லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடை. மூன்றாவது மாடியில் இருபது பேர். பல நாட்டு மாவு மில்காரர்களும் மாட்டுத் தீவன வியாபாரிகளும் எங்களுக்குச் சந்தா கட்டியிருந்தார்கள். அமெரிக்க மத்திய அரசு தன் விவசாயிக்கு என்ன கொடுக்கிறது, எதைக் கொடுக்காமல் நிறுத்துகிறது, அதனால் அடுத்த வருஷம் அங்கே எந்தப் பயிர் கூடும், எது குறையும் என்று வாராவாரம் விளக்கி எழுதுவது எங்கள் பிழைப்பு. இதற்கெல்லாம் மூலம் ஃபார்ம் பில் என்கிற ஒரு மகா சட்டம். தூக்கினால் கை வலிக்கும், படித்தால் தலை வலிக்கும். இங்கிலீஷில்தான் எழுதியிருப்பார்கள், ஆனால் இங்கிலீஷ்காரனுக்கே புரியாது.

நான் வேளாண் பொருளாதாரத்தில் முதுகலை முடித்தவன். தங்க மெடல் வேறு. பார்க்கிங் என்கிற புறநகரில் வீடு எடுத்து, தினமும் மானுமென்ட் ஸ்டேஷனில் இறங்கி, பாலத்தை நடந்து கடந்து, மெடல் வாங்கிய மிடுக்கோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்த மிடுக்கு சரியாக எட்டு நாள் இருந்தது.

ஒன்பதாம் நாள், அமெரிக்க செனட்டின் விவசாயக் கமிட்டி அடுத்த வாரம் 'மார்க்-அப்' செய்யப்போகிறது என்று ஒரு செய்தி வந்தது. மார்க்-அப் என்றால் விலையை ஏற்றுவதுதானே? 'கோதுமை விலை ஏறுகிறது, இப்போதே வாங்கிப் போடுங்கள்' என்று ஒரு பக்கம் எழுதித் தள்ளினேன். அரை மணி நேரத்தில் என் மேசைக்கு முன்னால் ஒரு நிழல் விழுந்தது. நிமிர்ந்தால், பருத்திச் சேலை, அதன் மேல் கறுப்புக் கோட், மூக்கு நுனியில் கண்ணாடி.

"தம்பி, இதை எழுதினது நீரே?"

"ஆமாக்கா."

"கமிட்டி என்ன, மளிகைக் கடையே விலை ஏத்துறதுக்கு? மார்க்-அப் எண்டால் மசோதாவை மேசையில வைச்சு வரிக்கு வரி வெட்டித் திருத்துற கூட்டம். விலை அந்தப் பக்கமே எட்டிப் பாக்கேல்லை."

"அக்கா, நான் இதுல முதுகலை படிச்சவன்..."

"அதுக்கு நான் ஒண்டும் செய்யேலாது" என்றார்.

அன்று மாலை ஆத்திரம் தாங்காமல் நான் வைத்த பெயர்தான் அகராதி அக்கா. தமிழ்நாட்டில் ஒருத்தியை 'அகராதி பிடிச்சவ' என்று சொன்னால் திமிர் பிடித்தவள், எதிலும் குற்றம் கண்டுபிடிக்கிறவள் என்று அர்த்தம். யாழ்ப்பாணத்துக்காரரான அக்காவுக்கு அந்த வழக்கு தெரியாது. பட்டப்பெயர் காதுக்குப் போனபோது நெகிழ்ந்துபோய், "உம்மட மனசு வெள்ளை தம்பி" என்று என் தோளில் தட்டினார். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவருக்கும் எனக்கும் நாலு வயசுதான் வித்தியாசம், என் தலையில் அவர் தலையில் இருப்பதில் பாதி முடிகூடக் கிடையாது. ஆனாலும் நான் தம்பி.

அக்காவின் வேலை, ஆபீஸின் சொற்பட்டியலைக் காப்பது. எந்தக் கட்டுரையும் அவர் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போகும். அதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது, உலகத்தில் வேறு எங்கும் இருந்திருக்காது. மூன்று தடித்த நோட்டுகள். இடது பக்கம் அமெரிக்க அரசாங்கத்தின் சொல், வலது பக்கம் தமிழ். தமிழ்ப் பக்கம் நிரம்பாத எந்தச் சொல்லும் ஆபீஸ் பட்டியலில் ஏறாது. டைரக்டர் நைஜல் ஒரு சொல்லுக்காக மூன்று வாரம் காத்திருந்திருக்கிறார். ஏன் தாமதம் என்று அவர் கேட்டால் அக்கா, "தமிழ்ல இன்னும் வரேல்லை" என்பதை அப்படியே இங்கிலீஷில் சொல்வார். நைஜலும் பாவம், தமிழ் என்பது ஏதோ பரிசோதனைச்சாலை என்று நினைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போவார்.

"உமக்கு விளங்கின சொல்லெண்டால் உம்மட பாஷையில வரும். வராட்டி, நீர் இங்கிலீசைப் பாடமாக்கி வைச்சிருக்கிறீர். அவ்வளவுதான்." இது அக்காவின் சட்டம்.

இந்தச் சட்டத்தால் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே! விளைச்சல் கூடாமல் இருக்க அரசு சொல்லி, விதைக்காமல் விடுகிற நிலத்துக்கு 'செட்-அசைட்' என்று பெயர். "ஒதுக்கி வைத்த நிலம்" என்றேன் நான்.

"ஒதுக்கி வைக்கிறதோ? ஊர்விலக்கு மாதிரி? அந்தக் காணி என்ன குற்றம் செய்தது?"

"சரிக்கா, தரிசு நிலம்."

"தரிசு தானாக் கிடக்கிறது. இது சொல்லி விட்டது." இரண்டு நாள் யோசித்து 'விட்டுவைத்த காணி' என்று எழுதினார். பின்னால் நின்று பார்த்தபோது எனக்கே சிலிர்த்தது.

மக்காச்சோளத்தில் வந்தது பெரிய போர். எங்கள் ஊரில் சோளம் ஒன்று, மக்காச்சோளம் வேறொன்று. அக்கா ஊரிலோ மக்காச்சோளத்துக்குப் பெயரே சோளம்தான், நாங்கள் சோளம் என்பது அவர்களுக்கு இறுங்கு. மூன்று நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுவதும் நானும் அக்காவும் கத்தினோம். என்ன சண்டை என்று எட்டிப் பார்த்த நைஜல், சமாதானம் செய்கிறேன் பேர்வழி என்று, "எங்கள் நாட்டில் பழைய வழக்கப்படி கார்ன் என்றால் கோதுமை" என்றார். நாங்கள் இருவரும் ஒன்றாகச் சேர்ந்து அவரை முறைத்த முறைப்பில் மனுஷன் காபிக் கோப்பையை அங்கேயே விட்டுவிட்டு ஓடினார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அக்கா தமிழில் ஒரு விஷயத்தைச் சொன்னால் அதற்குப் பிறகு அது மறக்காது. தானியத்தை ஈடாக வைத்து அமெரிக்க விவசாயி வாங்கும் 'நான்-ரிகோர்ஸ்' கடனைப் பற்றி என் முதுகலைப் பாடப்புத்தகத்தில் பதினோரு பக்கம் இருந்தது. அக்கா ஒரே மூச்சில் முடித்தார்: "நகையை அடைவு வைக்கிறேல்லையே? மீட்காட்டி நகை போகும், ஆனா வீட்டுக்கு ஆள் வராது. அதுதான்." நகை மூழ்கிவிடும் என்று எங்கள் ஊரில் சொல்வோமே, அது! பதினோரு பக்கமும் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

ஃபார்ம் பில்லின் ஆயுள் முடிந்து, புதுச் சட்டம் வராமல், பழையதையே நீட்டிக்கொண்டிருக்கிற காலம் அது. அப்படி நீட்டிக்கும்போது பணம் ஒதுக்காமல் சில திட்டங்கள் கைவிடப்படும். அவற்றுக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் 'அநாதைத் திட்டங்கள்'. அக்காவுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே தாங்காது. ஒவ்வொரு முறை சட்டம் நீட்டிக்கப்பட்ட செய்தி வந்ததும் மறுநாள் கோலியர்ஸ் வுட்டிலிருக்கும் அக்கா வீட்டிலிருந்து ஒரு பெரிய டப்பா நிறைய உளுந்து வடை வரும். யாருக்குப் பிறந்தநாள் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்பார்கள். "ஃபார்ம் பில்லுக்கு" என்று நாங்கள் வாயில் வடையோடு சொல்வோம். கடைசியில் இரண்டு வடையை மட்டும் எடுத்துத் தனியாக வைப்பார்.

"அது யாருக்குக்கா?"

"அநாதைகளுக்கு."

பிறகு அந்த இரண்டையும் அவரே சாப்பிட்டுவிடுவார்.

வெம்பிளியில் ஒரு கல்யாணத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்த சென்னை டாக்டர் ஒருவர், "அமெரிக்காவுல விவசாயிக்கு சப்சிடியை அள்ளி அள்ளிக் குடுக்கறாங்க" என்று சொல்லித் தொலைத்தார். அக்கா சாம்பார் ஊற்ற வந்தவரைக் கையால் தடுத்து நிறுத்தினார். "எந்த சப்சிடி?" என்றார். நான் என் இலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். இருபது நிமிடம். பாயசம் வந்து போய்விட்டது. டாக்டர் கைகழுவ எழுந்தபோது அவருக்கு ஐந்து வகைக் கொடுப்பனவு தெரிந்திருந்தது. பிறகு மேடைக்குப் போனோம். மாப்பிள்ளை, தாங்கள் இரண்டு வருஷம் 'எங்கேஜ்ட்' ஆக இருந்ததாகப் பெருமையாகச் சொன்னார். அக்கா அட்சதை போட்டுக்கொண்டே கேட்டார், "அக்டிவ்லி எங்கேஜ்டோ, சும்மாவோ?"

அமெரிக்கச் சட்டப்படி உதவி வேண்டுமென்றால், விவசாயி 'அக்டிவ்லி எங்கேஜ்ட்' ஆக இருக்க வேண்டும். அதாவது தானே பாடுபட வேண்டும், அல்லது நிர்வாகமாவது பார்க்க வேண்டும். மாப்பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? பெண் பக்கம் திரும்பிப் பேய் முழி முழித்தார். அந்தக் கல்யாணத்தில்தான் எங்கள் ஊர்க்காரர் எவரோ 'அகராதி' என்பதன் உள்ளர்த்தத்தை அக்காவிடம் போட்டு உடைத்துவிட்டார். திரும்பி வரும்போது ரயிலில் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மூன்று ஸ்டேஷன் போன பிறகு அக்காவே சொன்னார், "ரெண்டு அர்த்தமும் சரிதான் தம்பி. ரெண்டையும் நோட்டில எழுதிப் போடுறன்."

இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று ஒருநாள் கேட்டேன். லண்டனுக்கு முன்னால் ஜெர்மனியில் ஒரு பேக்கரியில் மாவு மூட்டை தூக்கியிருக்கிறார். கடல் தாண்டி வரும் கோதுமை உள்ளூர்க் கோதுமையை விட மலிவாக இருப்பது எப்படி என்று முதலாளியிடம் கேட்டாராம். முதலாளி "சப்சிடி" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். "எந்த சப்சிடி எண்டு கேட்டனான். அவருக்குத் தெரியேல்லை. ஒருத்தருக்கும் தெரியேல்லை. அப்ப நானே பாப்பமெண்டு வெளிக்கிட்டன்." வெளிக்கிட்டவர் நிற்கவே இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இடி விழுந்தது. நிறுவனத்தில் பணம் போட்டவர்கள் ஆள் குறைப்பு என்றார்கள். சொற்பட்டியல் மேசை மூடப்படும், அதற்குப் பதிலாகச் சொல் ஆசிரியர் என்று ஒரே ஒரு புதுப் பதவி, பட்டப்படிப்பு கட்டாயம், வெளியாட்களும் மனுப் போடலாம் என்று அறிவிப்பு வந்தது. கிடைத்தால் அக்காவுக்கு வேலை. கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் மூன்று நோட்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அக்காவிடம் பட்டம் இல்லை. எங்கள் எல்லோருடைய பட்டங்களும் அக்காவின் நோட்டில் ஒட்டிக்கொண்டுதான் பிழைப்பு நடத்திக்கொண்டிருந்தன. அது வேறு விஷயம்.

மனுப் படிவத்தை நிரப்ப நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, படிப்புங்கற எடத்துல 'பட்டத்துக்குச் சமமான அனுபவம்'னு போட்டுடுவோம். எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

"எதுக்குச் சமன்? எத்தினை ஆண்டுக்குச் சமன்? அளவில்லாத சொல்லை நான் எழுதமாட்டன்."

"அப்ப காலியா விட்டுடுங்க."

"காலி எண்டால் நான் படிக்க விரும்பேல்லை எண்டு அர்த்தம். அது பொய்."

கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தார். பிறகு அந்தக் கட்டத்தில் இங்கிலீஷில் இரண்டே சொல் எழுதினார்: 'பிரிவென்டட் பிளான்டிங்'.

அமெரிக்கப் பயிர்க் காப்பீட்டில் வருகிற சொல் அது. விதைக்க வேண்டிய கடைசித் தேதிக்குள், விவசாயியின் குற்றம் ஏதுமில்லாமல், வெள்ளமோ வறட்சியோ வந்து விதைக்க முடியாமல் போன நிலம். அக்காவின் நோட்டில் அதற்குத் தமிழ் 'விதைக்க விடாத காணி'. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. எச்.ஆர். பெண்ணுக்கு இரண்டுமே வரவில்லை. மறுநாள் அக்காவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எந்தத் தோட்டத்தில் செடி நடுவதிலிருந்து உங்களைத் தடுத்தார்கள், தடுத்தவர் யார், அவர் மேல் புகார் கொடுக்க விரும்புகிறீர்களா என்று அக்கறையாகக் கேட்டிருந்தார். அக்கா அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, "புகார் குடுக்கிறதெண்டால் ஆர் மேல குடுக்கிறது தம்பி?" என்று கேட்டார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

நேர்காணலுக்கு நைஜல், எச்.ஆர். பெண், வெளி நிபுணராக ஒரு அமெரிக்க அம்மா. மக்காச்சோளம் விளைகிற ஒரு மாநிலத்தில், மாவட்ட விவசாய ஆபீஸ் கவுன்ட்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்து விவசாயிகளின் படிவங்களை நிரப்பிக் கொடுத்தவர். பேரப்பிள்ளையைப் பார்க்க லண்டன் வந்தவரை நைஜல் பிடித்துப் போட்டிருந்தார். குறிப்பெடுக்க நான். டாக்டர் பட்டம் வாங்கிய இரண்டு பேர் முதலில் வந்து வழுக்கிக்கொண்டு பேசிவிட்டுப் போனார்கள். பிறகு அக்கா வந்தார். அன்றைக்குப் பட்டுச்சேலை. கோட் அதேதான்.

அமெரிக்க அம்மா படிவத்தைப் புரட்டினார். படிப்பு என்ற கட்டத்தில் விரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். அவர் இங்கிலீஷில் பேசியதைத் தமிழில் சொல்கிறேன். கவுன்ட்டரில் ஒரு விவசாயியிடம் கேட்பதுபோலவே கேட்டார்.

"காரணம்?"

"யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டு. சண்டை."

"உங்கள் குற்றம் ஏதாவது?"

"இல்லை."

"விதைக்கிற எண்ணம் இருந்தது என்பதற்கு ஆதாரம்? விதை வாங்கிய ரசீது மாதிரி ஏதாவது?"

அந்தக் காப்பீட்டில் அப்படித்தான் கேட்பார்களாம். எண்ணம் இருந்ததென்று விவசாயி காட்ட வேண்டும். அக்கா கைப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து மடிப்பெல்லாம் கிழிந்த ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். பல்கலைக்கழகத்தின் விவசாயப் பிரிவிலிருந்து முப்பது வருஷத்துக்கும் முன்னால் வந்த கடிதம். தமிழில் இருந்தது. அமெரிக்க அம்மா என்னைப் பார்த்தார். வாசித்துச் சொல்லுங்கள் என்றார்.

நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை, உட்கார்ந்து வாசிக்க மனம் வரவில்லை. "உங்களுக்கு விவசாயப் பட்டப்படிப்பில் சேர பெர்மிஷன்..." என்று, கடிதத்தில் இருந்த 'அனுமதி'யை இங்கிலீஷாக்கி ஆரம்பித்தேன்.

"தம்பி" என்றார் அக்கா, தமிழில், நேர்காணல் நடுவில். "அனுமதி எண்டால் இந்த இடத்தில பெர்மிஷன் இல்லை. அட்மிஷன். பெர்மிஷன் ஆரும் குடுப்பினம். இது நான் சோதினை எழுதி எடுத்தது."

திருத்திக்கொண்டேன். அட்மிஷன். அந்த ஒரு சொல்லை நான் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை. வெளியே இருந்தவர்கள் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அமெரிக்க அம்மா ஒரு மணி நேரம் சொல் சொல்லாகக் கேட்டார். அக்கா ஒன்றைக்கூட விடவில்லை. ஒரு இடத்தில் அந்த அம்மா சொன்ன விளக்கத்தையே அக்கா திருத்த, அவர் யோசித்துப் பார்த்து, "ஆமாம், நான் முப்பது வருஷமாகத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்" என்று ஒப்புக்கொண்டார். இதை எழுதும்போதுகூட எனக்கு மார்பு நிமிர்கிறது.

முடிவில் எச்.ஆர். பெண் தயங்கித் தயங்கிச் சொன்னார், எல்லாம் சரி, ஆனால் படிப்பு என்ற கட்டம் விதிப்படி நிரம்ப வேண்டுமே என்று. அமெரிக்க அம்மா பேனாவை எடுத்தார். விதைக்க முடியாமல் போன நிலத்தையும் விதைத்த நிலத்தோடு சேர்த்தே எழுதும் ஒரு பத்தி அமெரிக்கப் பதிவேட்டில் உண்டு. தடை வந்ததற்காக அந்த விவசாயி தன் கணக்கை இழந்துவிடக் கூடாது என்று வைத்த பத்தி. அக்கா எழுதிய இரண்டு சொல்லுக்குக் கீழே அந்த அம்மா தானும் இரண்டு சொல் எழுதிக் கையெழுத்துப் போட்டார்: 'கன்சிடர்ட் பிளான்டட்'.

நைஜல் அதைப் படித்தார், எழுந்தார், அக்காவுக்குக் கை கொடுத்தார். எச்.ஆர். பெண் டிஷ்யூப் பெட்டியைத் தேடினார். அது ஏற்கெனவே என் கையில் இருந்தது.

வெளியே வந்ததும் ஆபீஸே எழுந்து நின்று கை தட்டியது. அக்கா யாரையும் பார்க்காமல் நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, குறிப்பில அந்த ரெண்டு சொல்லுக்கும் என்ன தமிழ் போட்டனீர்?"

"'விதைத்ததாகக் கருதப்படும்'னு எழுதினேன்க்கா."

"கருதப்படும் எண்டால் சந்தேகம் தொங்கிக்கொண்டு நிக்குது. 'விதைத்ததே' எண்டு போடும்." சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றாமலே துடைக்கப் பார்த்தார்.

நான் இப்போது வேறு வேலைக்கு மாறிவிட்டேன். அக்கா அதே மேசையில்தான் இருக்கிறார், பதவிப் பலகையோடு. பெருமையாக இருக்கிறது என்று அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை, சொன்னால் என்ன அளவு என்று கேட்பார். நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. போன மாதம் ஏதோ ஒரு படிவத்தில் உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டிருந்தார்கள். யோசிக்காமல் ஒன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.